மூத்தவனின் அடிப்பக்கம்

எனக்குக் கோபம் வர நேரம் காலம் கிடையாது என்று என் மனைவி சொல்வாள். அது பொய். நான் சொல்வது சரியாக இருக்கும்போது எனக்குக் கோபமே வராது. நான் சொல்வது தவறு என்று யாராவது காட்டிவிட்டால்தான் வரும். இருபத்தாறு வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறேன். நான் ஒட்டிய தரையில் ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் வந்து நிற்கும், அசையாது. அப்படிப்பட்டவனைப் பார்த்து எவன் என்ன சொல்லிவிட முடியும் என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிரை ஒரு பாத்திரம் அடக்கிவிட்டது. அந்தக் கதைதான் இது.

என் மனைவி ஆறு வருடமாக ஓர் அச்சகத்துக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறாள். இருபத்திரண்டு பேர். பன்னிரண்டரைக்கு அங்கே இயந்திரங்களை நிறுத்துவார்கள், ஒரு மணிக்கு மறுபடி ஓட்டுவார்கள். அந்த அரை மணிக்குள் சாப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் சாயங்காலம் வரை மை வாசனையோடு பட்டினி. ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அவள் பன்னிரண்டு இருபதைத் தாண்டியதில்லை. இருபத்திரண்டு டப்பாவும் வழித்துத் துடைத்ததுபோலத் திரும்பி வரும். வந்ததும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாள். கழுவத்தான் திறக்கிறேன் என்பாள். எனக்குத் தெரியாதா? அவளுக்கு இருக்கிற ஒரே பெருமை அது.

சோறு தனியாகக் கரண்ட் குக்கரில் வெந்துவிடும். பருப்பு, கிழங்கு, கீரை, மற்றதெல்லாம் ஒரே பாத்திரத்தில்தான். கல்யாணம் ஆன புதிதில் வாங்கிய பெரிய அலுமினியப் பாத்திரம் அது. எங்களுக்கு ஒரே மகள், வெளியூரில் படிக்கிறாள். மகள் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால் அந்தப் பாத்திரத்துக்கு மூத்தவன் என்று பேர். 'மூத்தவனைக் கொஞ்சம் இறக்கி வைங்க' என்பாள். நானும் இறக்கி வைப்பேன். இருபத்துநாலு வருடத்தில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை.

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டாள். எழுந்த கையோடு வீடு மாற வேண்டியிருந்தது. புது வீடு ஐந்தாவது மாடி. அந்தக் கட்டடத்தில் எரிவாயு அடுப்புக்கு அனுமதி இல்லை. சமையல் மேடையிலேயே பதித்த கரண்ட் அடுப்பு இருந்தது. கொசுவர்த்தி மாதிரி வளைந்த கம்பிச் சுருள்கள் நாலு, பெரிதாக இரண்டு, சிறிதாக இரண்டு. திருகைத் திருப்பினால் சுருள் சிவக்கும், அதன் மேலேயே பாத்திரத்தை வைக்க வேண்டியதுதான்.

சமையலறைச் சுவர் வெறும் பூச்சாக இருந்தது. ஊருக்கெல்லாம் ஒட்டுகிறவன் வீட்டில் மொட்டைச் சுவரா என்று, சாமான்கள் வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமையே நானே ஒட்டினேன். மேல் வரிசைக்குக் கை எட்டவில்லை. ஏணி வேலை இடத்தில் கிடந்தது. கைக்குக் கிடைத்ததைக் கவிழ்த்துப் போட்டு, ஏறி நின்று, ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். சாயங்காலம் அவள் வந்து பார்த்துவிட்டு, ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள். அன்றைக்கு என்னைப் பிடிக்க ஆள் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை ஆரம்பித்தது சனியன்.

வழக்கமாக நாற்பது நிமிடத்தில் குழையும் பருப்பு ஒன்றேகால் மணி நேரம் ஆகியும் நடுவில் விதை விதையாகக் கிடந்தது. ஓரத்திலோ அடிப்பிடித்து வளையமாகக் கறுத்துவிட்டது. கிழங்கும் அதே கதை. பன்னிரண்டு ஐம்பதுக்குத்தான் அவளால் அச்சகத்துக்குப் போக முடிந்தது. அங்கே மேலாளர் நல்ல மனிதர். புது வீடு, புது அடுப்பு, இரண்டு நாளில் பழகிவிடும் என்று சொல்லி அனுப்பினாராம்.

செவ்வாயும் அப்படியே. நான் சும்மா இருப்பேனா? உடனே என் மச்சானைப் பிடித்தேன். மனைவியின் தம்பி, கரண்ட் வேலை செய்கிறவன். அடுப்புக்கு இணைப்புக் கொடுத்ததும் அவன்தான். போனில் அவனை ஒரு வாங்கு வாங்கினேன். சாயங்காலம் டெஸ்டரும் கையுமாக வந்தான். சுருளை உருவி எடுத்தான், அதன் இரண்டு காலையும் தேய்த்துத் துடைத்து மறுபடி செருகினான், திருகைத் திருப்பினான். சுருள் முழுக்க ஒரே சீராகச் சிவந்தது.

"மாமா, கரண்ட் அது வேலைய ஒழுங்காத்தான் பாக்குது. நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றான்.

அக்கா முகத்துக்காக அவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

புதன்கிழமை இரண்டு டப்பா சாப்பிடாமல் அப்படியே திரும்பி வந்தன. ஒன்றில் ஒரு கரண்டி மட்டும் எடுத்திருந்தார்கள். நான் வேலை முடிந்து வந்தபோது அவள் அந்த இரண்டையும் மேடையில் திறந்து வைத்துவிட்டு எதிரே நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னங்க, எனக்குக் கை போயிடுச்சு" என்றாள்.

என்ன பேச்சு பேசுகிறாய் என்று சத்தம் போட்டேன். அடுப்புதான் சரியில்லை, இந்த வீடே சரியில்லை, உன் தம்பி போட்ட வயரும் சரியில்லை என்று அடுக்கினேன். அவள் தலையை ஆட்டினாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். அந்தக் கதை வேணாங்க. இந்தக் கட்டடத்துல அத்தன பேரும் இதே அடுப்புலதான் சமைக்கிறாங்க. காய்ச்சல்ல எழுந்ததுலேருந்தே எனக்குச் சந்தேகம்தான். சனிக்கிழம போய் வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடறேன். மரியாதையா நாமளே விலகிக்கலாம்."

நான் பயந்துபோனேன். வருமானம் போகிறதே என்று இல்லை, அது வேறு. காய்ச்சலில் படுத்திருந்த பத்து நாளும் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: அச்சகத்தில் யார் கொடுக்கிறார்கள், நன்றாகச் சாப்பிடுகிறார்களா? கை போய்விட்டது என்று அவள் ஒருமுறை நம்பிவிட்டால், அப்புறம் எங்கள் இரண்டு பேருக்குச் சமைக்கும்போதுகூட பயந்து பயந்துதான் உப்புப் போடுவாள். அவளை எனக்குத் தெரியும்.

ஆனால் வாயைத் திறந்து இதையெல்லாம் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது பழுது பார்ப்பது. எண்ணெய் ஊற்றினால் நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு ஓடுகிறது என்று அவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். எனக்குப் பொறி தட்டியது. ஓடுகிறதென்றால் சரிவு. சரிவென்றால் மேடை மட்டமில்லை. "ஒரு பக்கமா ஓடலைங்க, சுத்தி..." என்று அவள் ஆரம்பிக்கும்போதே நான் ரசமட்டத்தை எடுக்க எழுந்து போய்விட்டேன். அதைக் காதில் வாங்கியிருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

மேடையில் வைத்தேன், குமிழி நடுவில். சுருளின் மேல் வைத்தேன், நடுவில். மூத்தவனைச் சுருள்மேல் ஏற்றி, அவன் வாய் விளிம்பில் குறுக்கும் நெடுக்குமாக வைத்தேன். குமிழி கல்லுப்பிள்ளையார் மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தது. பாத்திரம் ஆடுகிறதா என்று விரலால் தட்டியும் பார்த்தேன். ஆடவில்லை. நாலு பக்கமும் மட்டம். கூடம் நேர்தான் என்று நானே என் கையால் நிரூபித்துக் கொடுத்துவிட்டேன். அவள் அந்த இரண்டு டப்பாவையும் கழுவப் போனாள்.

அத்தோடு விட்டேனா? அறிவாளி இல்லையா நான்! ஒரு சுருள் போதவில்லையென்றால் இரண்டு சுருளாக வைத்தால் என்ன என்று தோன்றியது. பாத்திரக் கடைக்கு ஓடி, இரண்டு சுருளையும் மூடுகிற மாதிரி அண்டா போன்ற ஓர் அகலப் பாத்திரத்தை வாங்கி வந்தேன். வியாழக்கிழமை அதில் சமைத்தாள். இரண்டு சுருளுக்கும் நடுவே இருந்த பருப்பு வெந்நீரில் குளித்ததோடு சரி. அடுப்பைச் சுற்றியிருந்த வெள்ளைத் தகடு பழுப்பேறிப் பொரிந்தது. கருகல் வாடை வந்ததும் பயந்துபோய் அணைத்துவிட்டு, மிச்சத்தைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வேகவைத்து, ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கொண்டுபோய்ச் சேர்த்தாள். அங்கே மேலாளரிடம், சனிக்கிழமை உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மச்சான் மறுபடி வந்தான். இந்த முறை அவனுக்குக் கோபம். சுருளைவிட ஒரு விரல் அகலத்துக்கு மேல் பாத்திரம் வெளியே நீட்டக் கூடாதாம். நீட்டினால் சூடு மேலே வர வழியில்லாமல் கீழேயே இறங்கி, சுருள் செருகும் இடம் தீய்ந்துவிடுமாம். சுருளின் மேல் பாத்திரம் அப்பிக்கொண்டு உட்கார வேண்டும், இது தீ இல்லை எட்டிப் பிடிக்க, தொட்டால்தான் சுடும் என்றான். பழம் தின்று கொட்டை போட்டவன்போல அவன் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் விடிவதற்கு முன்பே எழுந்து மூத்தவனை ஏற்றிவிட்டாள். நேரத்துக்குப் போய்விடலாம், அடிப்பிடித்தாலும் மேலாக எடுத்துவிடலாம் என்று கணக்கு. நான் கிளம்பும்போது அடுப்பின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிக்கொண்டிருந்தாள். நாளையோடு எல்லாம் முடிந்துவிடும் என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அப்போது ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு அறையில் எங்களுக்கு வேலை. என்னோடு பதினைந்து வருடமாக வேலை செய்யும் கூட்டாளி முந்தின நாள் ஒட்டிய வரிசையைக் கொத்துக் கரண்டிப் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். எங்கள் வேலையில் அது வழக்கம். அடியில் கலவை முழுக்கப் பிடித்திருந்தால் கெட்டியாகச் சத்தம் வரும். உள்ளே காற்று நின்றால் காலிப் பெட்டியைத் தட்டுகிற சத்தம். ஜன்னல் ஓரத்தில் ஒரு டைல்ஸ் அப்படிச் சத்தம் போட்டது. வீட்டில் இருந்த எரிச்சலையெல்லாம் சேர்த்துக் கூட்டாளிமேல் கொட்டினேன்.

அவரோ, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், நன்றாகத்தானே இருந்தது என்றார்.

"மேல மட்டமா இருந்தா ஆச்சா? அடியில உக்கார வேணாமா? சுத்தி ஓரம் ஒட்டிக்கிட்டு நடுவுல காத்து நின்னா எப்படிய்யா..."

சொல்லிக்கொண்டே போனவன் பாதியில் நின்றுவிட்டேன். சுற்றி ஓரம். நடுவில் காற்று. ஒரு பக்கமாக ஓடலைங்க, சுத்தி. அவள் குரல் அப்போதுதான், இரண்டு நாள் தாமதமாக, என் காதுக்குள் வந்து சேர்ந்தது. எண்ணெய் ஓரத்துக்கெல்லாம் சுற்றி ஓடுகிறதென்றால் அது சரிவு இல்லை. நடு மேடாக இருக்கிறது. உள்ளே மேடு என்றால் வெளியே பள்ளம். பள்ளம் என்றால் சுருளின் நடுவை அது தொடவே இல்லை.

கூட்டாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டார். மடையனாகப் பிறந்ததைத் தவிர ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

அவள் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்து முன்னறையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மூத்தவன் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தான். தரை நேராக இருக்கிறதா என்று பார்க்கிற என் மட்டக்கோலை அவன் அடிப்பக்கத்தின் குறுக்கே வைத்துக் குனிந்து பார்த்தேன். இரண்டு ஓரத்திலும் கோல் ஒட்டியிருந்தது. நடுவில் வெளிச்சம் தெரிந்தது. டைல்ஸுக்கு நடுவே இடைவெளி விட வைக்கிற பிளாஸ்டிக் துண்டை அதில் நுழைத்தேன், தாராளமாகப் போயிற்று. இன்னொன்றை அதன் மேல் வைத்து நுழைத்தேன், அதுவும் போயிற்று. பாத்திரம் கழுவுகிறவள் உள்பக்கத்தைத்தான் பார்ப்பாள், அடியில் இருக்கும் பழைய கரிக்குள் இந்தப் பள்ளம் எங்கே தெரியப்போகிறது?

எவன் பண்ணிய வேலை இது, வீடு மாற்ற வந்த வண்டிக்காரனா என்று எனக்குக் கோபம் ஏறியது. அப்போதுதான் அந்தப் பள்ளத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். நகத்தால் சுரண்டினேன். டைல்ஸ் ஒட்டும் பசை. அதில் கோடு கோடாக ஓர் அச்சு. நான் காலைத் தூக்கி என் செருப்பின் அடியைப் பார்த்தேன். அதே கோடுகள்.

மேல் வரிசை. கைக்குக் கிடைத்ததைக் கவிழ்த்துப் போட்டு. தொண்ணூறு கிலோ ஆள், ஒரு மணி நேரம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் வந்த எண்ணம் நல்ல எண்ணம் இல்லை. ஒரு புதுப் பாத்திரம் வாங்கி வந்து, மூத்தவனுக்கு வயசாகிவிட்டது, இதில் சமை என்று கொடுத்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? சுரண்டிவிட்டால் பசையும் போய்விடும். ஆனால் அவள் அதை நம்புவாளா? புருஷன் சமாதானத்துக்கு வாங்கித் தந்தான் என்றுதான் நினைப்பாள். என்றைக்காவது ஒருநாள் பருப்பு அடிப்பிடித்தால், பார்த்தீர்களா, கைதான் என்பாள். அவள் கையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் என் காலைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

சரி, முதலில் பாத்திரம். பெரிய சுருளின் மேல் காலி சிமெண்ட் சாக்கின் காகிதத்தை விரித்து, விளிம்பை விரலால் அழுத்தி, சுற்றளவுக்கு வெட்டி எடுத்தேன். குழாயைச் சுற்றி டைல்ஸ் வெட்டும்போது நாங்கள் அப்படித்தான் அளவு எடுப்போம். காகிதம், மட்டக்கோல், கொத்துக் கரண்டி சகிதம் பாத்திரக் கடைக்குப் போனேன். அங்கே கல்லாவில் இருந்த அம்மாவுக்கு முந்தாநாள் அண்டா வாங்கிய என் முகம் நினைவிருந்தது. அதைத் திருப்பித் தர முடியாது என்று நான் வாய் திறக்குமுன்பே சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு பாத்திரமாகக் கவிழ்த்தேன். காகிதத்தை அடியில் வைத்துப் பார்த்தேன், கோலைக் குறுக்கே வைத்து வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தேன். பளபளவென்று மின்னியதெல்லாம் மெல்லிய தகடு, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போனது. உருண்டை அடி உள்ளதை எடுக்கவே இல்லை, அது சுருளை ஒரு பொட்டளவுதான் தொடும். அழகான மண் நிறச் சட்டி ஒன்றின் அடியில் செய்த கம்பெனிக்காரர்கள் எழுத்துப் பொறித்து மேடாக்கி வைத்திருந்தார்கள். பதினோரு பாத்திரத்தைத் தள்ளினேன். என்னங்க, பாத்திரம் பார்க்கிறீங்களா, பொண்ணு பார்க்கிறீங்களா என்று அந்த அம்மா கேட்டார். பெண் பார்த்தது நன்றாகத்தான் பார்த்தேன், அவளுக்காகத்தான் இது என்றேன். அவர் சிரித்துவிட்டு, உள்ளே போய்க் கனமான எவர்சில்வர் பாத்திரங்கள் இரண்டைக் கொண்டுவந்தார். அடியில் தனியாக ஒரு தடித்த தட்டு சேர்த்து ஒட்டியது. கோலை வைத்தேன். ஒரு நூல் வெளிச்சம்கூட வரவில்லை. காகிதம் அச்சாகப் பொருந்தியது. கரண்டிப் பிடியால் ஒரு தட்டுத் தட்டினேன், கெட்டியான சத்தம். இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் எழுந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். புதுப் பாத்திரங்களைப் பார்த்ததும், இனி எதற்கு இதெல்லாம், நாளையோடு முடிகிறதே என்றாள். நான் மூத்தவனைக் கொண்டுவந்து அவள் முன்னால் கவிழ்த்து வைத்தேன். கோலைக் குறுக்கே வைத்தேன். என் செருப்பைக் கழற்றி அடிப்பக்கம் தெரிய அதன் பக்கத்தில் வைத்தேன். பாத்திரத்தின் பக்கத்தில் செருப்பை வைக்கிறீர்களே என்று திட்ட வாயெடுத்தவள், அந்தக் கோடுகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மேல் வரிசை ஒட்டும்போது ஏணி இல்லை என்பதில் ஆரம்பித்து, குழறிக் குழறி எல்லாவற்றையும் சொன்னேன். நீ சுற்றி ஓடுகிறது என்று சொன்னாய், நான் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். இருபத்தாறு வருடத்தில் நான் தப்பு என்று ஒத்துக்கொண்டது அது இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ.

அவள் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். ரொம்ப நேரம் தடவினாள்.

"அப்ப என் கை போகலையா?" என்றாள்.

"உன் கை ஒண்ணும் ஆகல. எல்லாம் என் கால் பண்ண வேலை."

அப்போதுதான் அழுதாள். புதன்கிழமையிலிருந்து தேக்கி வைத்திருந்தது அத்தனையும் வந்தது. அழுதுகொண்டே என் தோளில் இரண்டு அடி அடித்தாள். வெங்காயக் கை, என் கண்ணிலும் நீர் வந்தது. வெங்காயம்தான் என்று அவளிடம் சொன்னேன். ஆடத் தெரியாதவள் இல்லை நீ, இந்த முறை நிஜமாகவே கூடம்தான் கோணல், கோணலாக்கினவன் நான் என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்தப் பழமொழியை இனிமேல் இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றாள்.

சனிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. பக்கத்தில் நின்றால் உதவி என்ற பெயரில் எதையாவது செய்வேன் என்று என்னை வாசல் பக்கம் உட்கார வைத்துவிட்டாள். பெரிய சுருள் ஒன்றில் பருப்பு, மற்றதில் கிழங்கு. முப்பத்தைந்தாவது நிமிடம் பருப்பு குழைந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். திருகை அணைத்துவிட்டுப் பாத்திரத்தை அங்கேயே விட்டிருந்தாள். ஏன் இறக்கவில்லை என்றேன். அணைத்த பிறகும் சுருளில் பத்து நிமிடம் சூடு நிற்கிறது, தாளித்ததைக் கொட்டி ஒரு கொதி வர அதுவே போதும் என்றாள். அடுப்பின் குணத்தை அவள் அந்த வாரம் முழுக்கக் கற்றுத்தான் வைத்திருக்கிறாள். கெட்ட பாத்திரத்தை வைத்துக்கொண்டே கற்றிருக்கிறாள். கரண்டியால் அடியைச் சுரண்டிக் காட்டினாள். கருகல் இல்லாமல் சுத்தமாக வந்தது. அப்பாடா என்று நான் விட்ட மூச்சு மாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். அச்சக வாசலில் கடிகாரம் பன்னிரண்டு பதினெட்டு காட்டியது. பன்னிரண்டரைக்கு இயந்திரங்கள் நின்றன, ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். முதல் வாய் போட்டதும் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். அப்புறம் யாரும் பேசவில்லை, சாப்பிட்டார்கள். என் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

மேலாளர் கை கழுவிவிட்டு வந்து, என்னவோ பேச வேண்டும் என்றீர்களே அம்மா என்று கேட்டார்.

"ஆமா சார். திங்கக்கிழமைக்கு என்ன காய் பண்ணட்டும்னு கேக்கலாம்னுதான்" என்றாள்.

அவர் யோசித்துவிட்டு, கிழங்கே பண்ணுங்கள், இன்றைக்குப் போல என்றார்.

வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு டப்பாவையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். கழுவத்தான் என்றாள். நான் ஆமாம் என்றேன். எல்லாம் காலி. கழுவி முடித்துவிட்டு, மூலையில் இருந்த மூத்தவனைத் தூக்கி வந்து துணியால் நன்றாகத் துடைத்தாள். அலமாரியின் மேல்தட்டில் பத்திரமாக வைக்கப் போகிறாள் என்று நினைத்து, நான் வைக்கிறேன் கொடு என்று கை நீட்டினேன். அவள் அதை என் வேலைச் சாமான் பைக்குப் பக்கத்தில், ரசமட்டத்துக்கும் கரண்டிக்கும் அருகில் கவிழ்த்து வைத்தாள்.

"இருக்கட்டும். உங்களுக்கு ஏறி நிக்க ஒண்ணு வேணுமே" என்றாள். "மூத்தவன் அப்பா தொழிலுக்கே வரட்டும்."